முகம் தேய்ந்த வெள்ளிக்காசு

முன்னொரு காலத்தில் வெண்ணிநாடு என்ற சின்ன தேசத்தை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை வந்தால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும்.

ஒருநாள் அவனுக்குக் காலமாகிப்போன தகப்பனார் அருள்வர்மரின் நினைவு வந்தது. "அப்பாவின் முகம் பொறித்த பழைய வெள்ளிக்காசு வைத்திருப்பவர்கள் எல்லாரும் சபைக்குக் கொண்டுவாருங்கள். தரம் பார்த்துச் சன்மானம் தருவேன்" என்று பறையறைவித்தான்.

தரம் பார்க்கும் வேலை பொக்கிஷ அதிகாரி சங்கநிதியாரிடம் போயிற்று. அவருடைய வயிற்றெரிச்சலெல்லாம் மந்திரி அம்பலவாணர்மேல்தான். ராஜா எதற்கெடுத்தாலும் "அம்பலவாணரே, நீர் என்ன சொல்கிறீர்?" என்று கேட்பது அவருக்கு ஆகாது. அதனால் இந்த முறை முந்திக்கொண்டார்.

"மன்னா, பளபளக்கும் காசு முதல் தரம். கறுத்தது கடைத்தரம். பெரியவர் முகத்தை யாராவது அழித்திருந்தால் அது ராஜ அவமதிப்பு. அந்த ஆளைக் கழுதைமேல் ஏற்றி நாட்டைவிட்டே துரத்தவேண்டும்!"

"பிரமாதம்! கழுதையைக் கொண்டுவந்து வாசலில் கட்டுங்கள்" என்றான் ராஜா.

அவ்வளவுதான், ஊரில் புளிக்கும் சாம்பலுக்கும் தட்டுப்பாடு வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு காசைத் தேய்த்தார்கள். சபையன்று தட்டு தட்டாக வெள்ளி மின்னியது. சங்கநிதியார் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, "முதல் தரம், முதல் தரம்" என்று பாடிக்கொண்டே போனார்.

கடைசியாக வந்தவள் பொரிகடலைக் கடை வெள்ளைத்தாய். அவள் நீட்டிய காசைப் பார்த்ததும் பாட்டு நின்றது. பின்பக்கம் முழுதும் நீலக்கறுப்பு. முன்பக்கத்தில் ஓரம் கறுத்திருக்க, நடுவில் வழவழவென்று ஒரு வெளுப்பு. அங்கே இருக்கவேண்டிய ராஜமுகத்தைக் காணோம்.

"எங்கேயடி பெரியவர் முகம்?"

"அதிலேதான் இருக்குதுங்க ஐயா."

"ராஜாவே பாருங்கள்! புழங்கித் தேய்ந்த காசென்றால் இரண்டு பக்கமும் தேயவேண்டாமா? பின்பக்கத்து மயிலின் தோகை அப்படியே இருக்கிறது. முகத்தை மட்டும் தேய்த்திருக்கிறாள். வேண்டுமென்றே செய்த வேலை!"

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "என் அப்பா உனக்கு என்ன கெடுதல் செய்தார்?"

வெள்ளைத்தாய் பதறினாள். "கெடுதலா? வெள்ளத்திலே என் வீட்டுக்காரர் ஓடத்தோடு போனப்போ, இடுப்பளவு தண்ணியிலே பெரியவரே நடந்து வந்து, 'ஒரு கடை போட்டுப் பிழைத்துக்கொள்' என்று கையிலே கொடுத்த காசு ராசா. இதை ஈடு வைத்துத்தான் கடை போட்டேன். முதல் லாபத்திலே மீட்டுவிட்டேன். என்னை அனுப்புவதானால் அனுப்புங்க. காசை மட்டும் கொடுத்துடுங்க."

"முகம் ஏன் போயிற்று? அதைச் சொல்!" என்று அதட்டினார் சங்கநிதியார். அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சங்கநிதியார் அந்தக் காசைப் புரட்டிக் காட்டியபோதே அம்பலவாணருக்கு வேறு ஏதோ புரிந்துவிட்டது. மெல்ல எழுந்து அந்தப்புரத்துக்குப் போய் மகாராணியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினார். கையில் ஒரு காசு.

"மன்னா, இன்னொன்று மிச்சம் இருக்கிறது. இதையும் பார்த்துவிடலாமே."

சங்கநிதியார் அதைப் பிடுங்கிப் புரட்டினார். "அதே அயோக்கியத்தனம்! இங்கேயும் மயில் இருக்கிறது, முகம் இல்லை. அவளுடையதைவிட மோசம்!"

"அப்படியானால் இதன் சொந்தக்காரருக்கும் கழுதைதானா?"

"அவருக்கு முதலில் கழுதை!"

"யாராக இருந்தாலுமா மன்னா?"

"யாராக இருந்தாலும்" என்றான் ராஜா.

"அப்படியே ஆகட்டும். ஒரே ஒரு விண்ணப்பம். கண்ணை மூடிக்கொண்டு இதைக் கையில் வாங்குங்கள்."

ராஜா சிரித்துக்கொண்டே கண்ணை மூடினான். காசு உள்ளங்கையில் விழுந்தது. கர்ப்பூர வாசனை. விரல் தானாக விளிம்பில் இருந்த சிறு வெட்டைத் தேடிப் போயிற்று. கை தானாக உயர்ந்து, காசை வலது கண்ணில் ஒற்றியது, இடது கண்ணில் ஒற்றியது. அப்புறம் அசையவில்லை.

"இது... முடிசூட்டிய அன்று அப்பா எனக்குக் கொடுத்தது."

"ஆமாம் மன்னா. தினமும் விடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கர்ப்பூரப் பெட்டியிலிருந்து எடுக்கிறீர்கள், கண்ணில் ஒற்றுகிறீர்கள், வைத்துவிடுகிறீர்கள். ஒருநாளும் திறந்த கண்ணால் பார்த்ததில்லை. ஒற்றி ஒற்றித்தான் முகப்பக்கம் மட்டும் தேய்ந்துபோயிற்று. வெள்ளைத்தாய் கடை திறக்குமுன் என்ன செய்வாள் என்று இனி நான் கேட்கவேண்டுமா?"

வெள்ளைத்தாய் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள்.

மந்திரி சங்கநிதியார் பக்கம் திரும்பினார். "சும்மா கிடக்கும் வெள்ளி முதலில் தேன் நிறம் கொள்ளும், பிறகு மயில் கழுத்து நீலம், அதற்கும் பிறகுதான் கறுப்பு. கப்பல் வியாபாரிகள் அந்த நிறத்துக்குத்தான் இரட்டை விலை தருகிறார்கள். புளி போட்டு அந்த நிறத்தை உரித்த காசை எடைக்குத்தான் எடுப்பார்கள். நம் ஊர்க்காசு அத்தனையையும் நீங்கள் ஒரே வாரத்தில் உரித்துவிட்டீர்கள் ஐயா."

வாசலில் கழுதை கத்தியது. சபை சிரித்தது. சங்கநிதியார் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுதை காத்திருக்கிறது" என்றான் ராஜா. "காசு மூட்டையை அதன்மேல் ஏற்றுங்கள். சங்கநிதியார் கூடவே நடந்து போய் வீட்டுக்கு வீடு திருப்பிக் கொடுத்து, உரித்த பாவத்துக்கு மன்னிப்பும் கேட்டுவரட்டும்." பிறகு அம்பலவாணரைப் பார்த்தான். "என்னைக் கழுதையிலிருந்து இறக்கிவிட்டீர். உமக்கு என்ன வேண்டும்?"

"நாளை முதல் வெள்ளைத்தாய் கடையில் ஒரு பிடி பொரி மன்னா. கடனுக்கு."

ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்து, வெள்ளைத்தாயின் காசை இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தான். "அப்பாவை நீயும் வைத்திருந்தாய் அம்மா. அது எனக்குத் தெரியாமல் போயிற்று" என்றான்.

மறுநாள் விடிந்ததும் கர்ப்பூரப் பெட்டியைத் திறந்து, முதல்முறையாகக் கண்ணை மூடாமல் காசை எடுத்தான். முகம் இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் முகம் நன்றாகத் தெரிந்தது.