பன்னிரண்டு விடைக்கோழிகளும் ஒரு பல்லக்கும்

முன்னொரு காலத்தில், யானையைவிடக் கோழிக்கு மரியாதை கூடிப்போன ஒரு நாட்டில், அதிவிக்கிரமர் என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். எல்லாம் ஓர் அன்பளிப்பால் வந்த வினை. பக்கத்து நாட்டு அரசர் அவருக்குப் பன்னிரண்டு விடைக்கோழிகளை அனுப்பியிருந்தார். இளசுகள். முதல் முட்டைக்குக் காத்திருந்தன. கொண்டை அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது.

மன்னருக்குத் தலைகால் புரியவில்லை. அவை முட்டையிட அரண்மனை முற்றத்தில் பன்னிரண்டு சந்தனப் பெட்டிகளைச் செய்து வைத்தார். உள்ளே பட்டு மெத்தை. எதிரே ஆளுயரக் கண்ணாடி. இருபுறமும் குத்துவிளக்கு. பெட்டிக்கு ஒரு காவலன், வேலும் கையுமாக, கண் கொட்டாமல் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். போதாததற்கு, தவிலோடு ஒரு நாகசுரக் கோஷ்டி.

கோழிகள் பார்த்தன. பெட்டிப் பக்கமே போகவில்லை.

முதல் முட்டை படைத்தலைவரின் தலைக்கவசத்தில் கிடந்தது. இரண்டாவது, அரண்மனைப் புலவரின் ஓலைக்கூடையில். மூன்றாவது, மன்னர் கழற்றி வைத்திருந்த கிரீடத்தில். அவர் அதைக் கவனிக்காமல் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

வழிந்தது.

சபை பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தது. ஒரே ஒருவன் மட்டும் வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்தான். அவன்தான் அரசவை விகடகவி வயிரவன்.

பிரதானி கனகசபேசர் துள்ளி எழுந்தார். விகடகவியின் ஆசனத்தில் தன் மைத்துனனை உட்காரவைக்க மூன்று வருடமாகத் துடித்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

“மன்னர் மன்னா! தங்கள் திருமுடியில் முட்டை உடைந்ததைக் கண்டு ஒருவன் நகைக்கிறான் என்றால், கோழிகளைத் திருத்தும் வித்தையும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?”

மன்னர் காதோரத்து மஞ்சள் கருவைத் துடைத்தார். “வயிரவா! ஏழாம் நாள் காலை நாம் முற்றத்துக்கு வருவோம். ஒரு முட்டையாவது பெட்டிக்குள் இருக்க வேண்டும். இல்லையேல் நீ உன் மனைவியோடு நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.”

“இன்னும் ஒன்று மன்னா,” என்று குழைந்தார் பிரதானி. “தாங்கள் ஆசையாய் வைத்த விளக்கு, கண்ணாடி, காவல் எதையும் இவன் அகற்றக் கூடாது. நாகசுரம் ஒரு பகலும் நிற்கக் கூடாது.”

“அப்படியே ஆகட்டும்!”

வயிரவன் வீட்டுக்கு வந்து மனைவி செங்கமலத்திடம் விஷயத்தைச் சொன்னான்.

“நாட்டை விட்டுப் போறதா? போன வாரந்தான கூரைக்கு ஓடு மாத்துனோம்!” என்றாள் அவள்.

“கோழிகிட்ட அதைச் சொல்லு.”

“ஏங்க, உங்க ராசாவ நடுச்சபையில குளிக்கச் சொல்லுங்க. சுத்தி பன்னெண்டு பேரு வேலோட நின்னு பாக்கட்டும். தவுலும் அடிக்கட்டும். குளிப்பாரா?”

“மாட்டார்.”

“கோழிக்கும் அதே வெக்கந்தான். இருட்டா, மறைவா, மெத்துனு வைக்கோல் வேணும். அதுவும் புதுக்கோழிக்கு எங்க இடணும்னே தெரியாது. முன்னாடியே ஒருத்தி இட்டுட்டுப் போன மாதிரி ஒண்ணு கிடந்தா, இதுதான் இடம் போலன்னு அதுவும் வந்து உக்காந்துக்கும். எங்க அம்மா வீட்டுல சுண்ணாம்புல முட்டை மாதிரி உருட்டி வைப்போம்.”

வயிரவன் எழுந்து நின்றான். “உருட்டு!”

“இப்பவா? அடுப்புல குழம்பு கொதிக்குது.”

“குழம்பா, நாடா?”

மறுநாள் அவன் முற்றத்தில் மன்னரின் ஆணையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினான்.

பட்டு மெத்தையை அகற்றவில்லை. அதன்மேல் வைக்கோலைப் பரப்பினான். வைக்கோலில் பெட்டிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பு முட்டையை வைத்தான். விளக்கையும் கண்ணாடியையும் தொடவில்லை. பெட்டிகளின் மேல் கறுப்புக் கம்பளியைப் போர்த்தி, கோழி நுழைய ஓர் இடுக்கு மட்டும் விட்டான். காவலர்களையும் அனுப்பவில்லை.

“தம்பிகளே, கோழியா திருடும்? வெளியிலிருந்து வருகிறவன்தான் திருடுவான். அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள்!”

பன்னிரண்டு முதுகுகள் திரும்பின.

கடைசியாக நாகசுரக் கோஷ்டியிடம் வந்தான். “ஐயா, வாத்தியம் நிற்கக் கூடாது என்பது ஆணை. எந்த இடத்தில் வாசிப்பது என்று ஆணையில் இல்லை. இனிமேல் நம் பிரதானி வீட்டு வாசலில் வாசியுங்கள். விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை!”

பிரதானி வீட்டுப் பகல் தூக்கம் அன்றோடு போயிற்று. மூன்றாம் நாள் அவர் மனைவி தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். ஐந்தாம் நாள் மைத்துனனே ஊரைவிட்டு ஓடினான். பிரதானி காதில் பஞ்சோடு சபைக்கு வந்தார். மன்னர் எது கேட்டாலும் “ஆமாம்” என்றார்.

முற்றத்தில் கோழிகள் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கின. ஆறாம் நாள் ஒவ்வொன்றாக உள்ளே போய், சுண்ணாம்பு முட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ யோசித்துவிட்டு எழுந்து வந்தன. முட்டை மட்டும் இல்லை.

“செங்கமலம், மூட்டை கட்டவா?”

“சும்மா கிடங்க. அதுகளுக்கே இப்பத்தான் விஷயம் புரியுது.”

ஏழாம் நாள். பொழுது விடிந்தது. தன் வீட்டு வாசலில் தவில் தொடங்கிய அதே கணத்தில் பிரதானி பல்லக்கில் ஏறி முற்றத்துக்குத் தப்பி வந்தார். வேப்பமரத்தடியில் பல்லக்கை இறக்கிவிட்டுத் தூக்கிகள் கூழ் குடிக்கப் போனார்கள். பிரதானியைக் கண்டதும் காவலர்கள் பணிந்து வழிவிட்டார்கள்.

அவர் கம்பளியைத் தூக்கி ஒரு பெட்டிக்குள் கையை விட்டார்.

வெள்ளையாக, உருண்டையாக ஒன்று அகப்பட்டது!

அடுத்த பெட்டியில் ஒன்று. அதற்கடுத்ததில் ஒன்று. பன்னிரண்டிலும்! கோழிகளோ வெளியே மேய்ந்துகொண்டிருந்தன.

“அகப்பட்டாயடா! சந்தையில் முட்டை வாங்கி வைத்து மன்னரையா ஏய்க்கப் பார்த்தாய்?” என்று கறுவினார். பன்னிரண்டையும் அங்கவஸ்திரத்தில் அள்ளினார். பல்லக்கின் திண்டுமேல் கொட்டினார். திரையைச் சரியாக இழுத்துவிடக்கூட நேரமில்லாமல் அந்தப்புரத்தை நோக்கி ஓடினார்.

அங்கே மன்னர் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்த முடியுமா? பிரதானி வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

ஒருவழியாக மன்னர் வந்தார். சபையும் வந்தது. வயிரவனும் செங்கமலமும் கைகட்டி நின்றார்கள்.

பெட்டிகள் காலி!

வயிரவனின் முகம் வெளுத்தது. செங்கமலம் அவன் கையை இறுகப் பிடித்தாள்.

“மோசடி மன்னா, மோசடி!” பிரதானி கத்தினார். “கடை முட்டைகளைப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தான். சான்று என் பல்லக்கில் பத்திரமாக இருக்கிறது. இதோ!”

திரையைச் சரக்கென்று இழுத்தார்.

உள்ளே பதினொரு கோழிகள், நெருக்கியடித்துக்கொண்டு, திண்டின்மேல் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. வெளிச்சம் பட்டதும் பதினொன்றும் ஒரே நேரத்தில் பிரதானியைப் பார்த்துக் கொக்கரித்தன. ஒன்று எழுந்து நகர்ந்தது. அதன் கீழே ஈரம் காயாத புத்தம்புது முட்டை.

“ஏங்க, அந்தப் பல்லக்கு இருட்டா, மறைவா, மெத்துனு இருக்கு. முட்டையையும் இவரே வச்சுக் கூப்பிட்டிருக்காரு,” என்று செங்கமலம் கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பு முற்றம் முழுக்கக் கேட்டது.

“பொய்!” பிரதானி ஒரு வெள்ளை உருண்டையை எடுத்தார். “இதை உடைத்தால் தெரிந்துவிடும்!” என்று தரையில் ஓங்கி எறிந்தார். அது டக்கென்று எகிறிப் போய்ப் படைத்தலைவரின் கவசத்தில் மோதி, மீண்டும் பிரதானியின் காலடிக்கே உருண்டு வந்தது.

மன்னர் அதைக் குனிந்து எடுத்தார். விரலெல்லாம் வெள்ளை. “சுண்ணாம்பு!”

“ஆம் மன்னா,” என்றான் வயிரவன். “புதுக்கோழிக்கு வழி காட்டும் பொய்முட்டை. பிரதானியார் அதைப் பல்லக்கில் ஏற்றினார். கோழிகளும் பின்னாலேயே ஏறிவிட்டன.”

“ஆயினும் பெட்டியில் ஒரு முட்டைகூட இல்லையே!” பிரதானி விடவில்லை. “ஆணை ஆணைதான் மன்னா!”

மன்னர் தலையசைத்தார். ஆணை ஆணைதான்.

வயிரவன் கோழிகளை எண்ணினான். பதினொன்று. அப்படியானால் ஒன்று?

வேப்பமர வேரடியில், எல்லாவற்றிலும் சின்னதாக ஒரு கறுப்புக் கோழி, இடம் கிடைக்காமல் புலம்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது.

அவன் பொய்முட்டைகளை அள்ளிப் பெட்டிகளில் திருப்பி வைத்தான். “மன்னா, எல்லோரும் சற்றே சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். தாங்களும்தான்.”

“நாமுமா?”

“தாங்கள் குளிக்கும்போது அது எட்டிப் பார்க்கவில்லையே மன்னா.”

மன்னர் திரும்பினார். படைத்தலைவர் திரும்பினார். புலவர் திரும்பினார். ஒரு ராஜசபை முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றது. தூரத்தில் பிரதானி வீட்டு நாகசுரம் மட்டும் கேட்டது. வைக்கோல் சலசலத்தது. பிறகு நிசப்தம். ரொம்ப நேரம் நிசப்தம். பிரதானிக்குத் தும்மல் வந்தது. படைத்தலைவர் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“கொக்... கொக்... கொக்கொக்கொக்!”

மன்னர் நாலே எட்டில் ஓடிப்போய்க் கம்பளியைத் தூக்கினார். சுண்ணாம்பு முட்டைக்குப் பக்கத்தில், இளஞ்சூட்டோடு, நெல்லிக்காயைவிடக் கொஞ்சமே பெரிதாக ஒரு முட்டை!

அதிவிக்கிரமர் சிரிக்க ஆரம்பித்தார். கிரீடம் நழுவி விழ, அதைக்கூடப் பிடிக்காமல் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வயிரவனுக்குப் போட்டார். கைக்காப்பைச் செங்கமலத்திடம் கொடுத்தார். பல்லக்கு அன்று முதல் பதின்மூன்றாவது பெட்டி என்று அறிவித்தார்.

“அப்படியானால் நான் எப்படி வீட்டுக்குப் போவது?” என்றார் பிரதானி.

“நடந்துதான். வழி தெரியாவிட்டால் நாகசுரச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போங்கள்!” என்றான் வயிரவன்.

பிரதானி மன்னர் காலில் விழுந்தார். “மன்னா, அந்த வாத்தியத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்! தங்கள் வாயால் ஒரே ஒரு சொல்!”

மன்னர் சொல்லத்தான் வாயைத் திறந்தார். பிரதானியின் காதில் துருத்திக்கொண்டிருந்த பஞ்சு கண்ணில் பட்டது. மறுபடியும் சிரிப்பு பீறிட்டது. அந்த ஒரு சொல் வெளியே வர இன்னும் மூன்று நாள் ஆயிற்று.