தூக்க ஆளில்லாத பல்லக்கு

முன்பொரு காலத்திலே, மந்திரமும் மாயமும் சந்தையில் கத்தரிக்காய் மாதிரி மலிந்து கிடந்த காலத்திலே, மஞ்சாடிபுரி என்று ஒரு நாடு. அந்த நாட்டு ராஜாவுக்கு ஒரே மகள், பெயர் குமுதினி. நல்ல பெண்தான். நடக்கச் சொன்னால் மட்டும் முகம் சுண்டிப்போகும்.

பாடசாலை ஏரிக்கு அந்தக் கரையில் இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் நடந்தே போவார்கள். குமுதினி, குயவர் வீட்டு மருதாயியோடு போவாள். ஒரு புளியங்காயை இரண்டாக முறித்துத் தின்றுகொண்டே போவார்கள்.

ஒரு நாள் கருந்தாடி மாயாவி ஒரு பல்லக்கோடு வந்தான். அவனுக்குப் பிறர் அழுதால்தான் சோறு இறங்கும். அது குமுதினிக்குத் தெரியாது.

"தூக்க ஆளே வேண்டாம், இளவரசி. ஏறி உட்கார்ந்தால் போதும், கண் இமைக்கிறதுக்குள்ள பாடசாலை!"

"யாருக்கும் சிரமமில்லையே?"

"உனக்கு ஒரு சிரமமும் இல்லை" என்றான் மாயாவி. குமுதினி மேற்கொண்டு கேட்கவில்லை. ஏறினாள், பறந்தாள், போய்ச் சேர்ந்தாள்.

அன்று மருதாயி தாமதமாக வந்தாள். மறுநாள் இன்னும் தாமதம்.

"ஏன் தாமதம்?" என்றார் வாத்தியார்.

"வழி நீண்டுபோச்சுங்க ஐயா."

வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் குமுதினி. "வழி எங்கேயாவது நீளுமா? இழுத்துப் போர்த்தித் தூங்கியிருப்பா!" என்று வேறு சொன்னாள்.

வாத்தியாருக்குக் கோபம். "நாளைக்கும் தாமதமானால் உனக்கு இங்கே இடமில்லை."

மூன்றாம் நாள், மருதாயி எங்கே விளையாடிக்கொண்டு நிற்கிறாள் என்று கையும் களவுமாகப் பிடிக்க, குமுதினி பல்லக்கை ஏரிக்கரை மேலேயே ஓட்டினாள். மருதாயி விளையாடவில்லை. மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தாள். பல்லக்கு ஒரு முழம் முன்னே போனால், அவள் காலடியில் பாதை ஒரு முழம் நீண்டது. பல்லக்கு நின்றால் பாதையும் நின்றது.

"பல்லக்கே, இது யார் வழி?" என்று கேட்டாள் குமுதினி.

"உன் வழிதான். நீ நடக்காமல் விட்டது வேறே எங்கே போகும்? கூட நடந்தவள் தலையில்தான் விழும்" என்றது பல்லக்கு.

மருதாயி அண்ணாந்து பார்த்தாள். "இளவரசி, நீங்களாவது சீக்கிரம் போங்க. நான் ஓடி வந்துக்கிட்டேதான் இருக்கேன்னு ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க!"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். குமுதினிக்கு வெட்கத்தில் காது மடல்வரை எரிந்தது.

"இதை எப்படித் தீர்க்கிறது?"

"விட்ட வழியை நீ நடக்கணும். அது உன் வழிதான்னு நாலு பேர் முன்னால சொல்லணும்."

குமுதினி இறங்கி மருதாயியோடு நடந்தாள். கல் குத்தியது. "ஏறிக்கோ, இளவரசி" என்றான் மாயாவி, எங்கிருந்தோ வந்து பல்லக்கோடு காற்றில் மிதந்தபடி. அவள் ஏறவில்லை. வெயில் சுட்டது. "ஏறிக்கோ, இளவரசி" என்றான். அவள் ஏறவில்லை.

வாசலில் வாத்தியார் நின்றார். "வாருங்கள் இளவரசி, உள்ளே போங்கள். மருதாயி, நீ வீட்டுக்குப் போ."

"நடந்தாச்சே, உள்ளே போயிடு. சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?" என்று காதோரம் கிசுகிசுத்தான் மாயாவி.

குமுதினி சுற்றிலும் பார்த்தாள். இத்தனை பிள்ளைகள் பார்க்கிறார்களே! தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் சொன்னாள்:

"ஐயா, மருதாயி சொன்னது நிஜம். அவள் நடந்தது என் வழியை. நான் சொகுசாகப் பல்லக்கில் வந்து, அவளைப் பார்த்துச் சிரித்தேன்."

சொன்னதுதான் தாமதம், பல்லக்கு பொலபொலவென்று உதிர்ந்து சருகானது. பாதை சுருங்கிப் பழையபடி ஆனது. மாயாவி அலறிக்கொண்டு ஓடினான். மந்திரம் போனதால் சாதாரணக் காலால்தான் ஓட முடிந்தது. வாத்தியார் தானும் தலை குனிந்து, மருதாயிக்கு வழிவிட்டார். அன்று வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, குயவர் வீட்டு வாசலில் குமுதினி செருப்போடு நின்றாள். நிமிர்ந்து பார்க்க அவளுக்கு முகமில்லை. மருதாயி வந்து ஒரு புளியங்காயை முறித்தாள், பெரிய பாதியை அவளிடம் நீட்டினாள்.

குமுதினி சின்னப் பாதியை எடுத்துக்கொண்டாள். இருவரும் நடந்தார்கள், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நம் கதையும் அவர்களோடு பாடசாலை போய்ச் சேர்ந்தது.