பூஜ்யம் காட்டிய தண்ணீர்

"தண்ணியில ஒரு குறையும் இல்லம்மா. ஆனாலும் பவளம் சுருங்கிக்கிட்டே போகுது."

ஜெசிந்தா தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கொளத்தூரில் அந்தச் சந்து முழுக்க வண்ணமீன் கடைகள். அவள் கடையில் மட்டும் உப்புத் தண்ணீர். தூத்துக்குடிக்காரி. வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. வீட்டில் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறவர்கள், தலை நரைத்தவர்கள்கூட, அவள் எதிரில் கைகட்டி நிற்பார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் அவளுக்கு மடாதிபதி என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்றைக்கு மடத்தில் எத்தனை பேருக்குத் தரிசனம் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவள் கண்டுகொள்வதில்லை.

யோசனை கேட்டு வந்த வைத்தியலிங்கம் கோப்பைத் திறந்து மேசையில் வைத்தார்.

முப்பத்திரண்டு வருடம் குடிநீர் ஆய்வகத்தில் இருந்தவர். அங்கே பூஜ்யம் என்று முடிவு வந்தால் ஊர் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கலாம். பூஜ்யம் வந்த நாளில் அவருக்கு மத்தியானக் காபி தனி ருசி.

வீட்டுப் பவளத் தொட்டியிலும் பூஜ்யம்தான். மீன் கழிவிலிருந்து வருகிற நைட்ரேட் பூஜ்யம். பாஸ்பேட் பூஜ்யம். காலையும் மாலையும், மூன்று மாதமாக, ஒரு நாள் விடாமல்.

ஜெசிந்தா கை கழுவினாள். சாப்பிட்ட தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். துணியால் ஈரம் போகத் துடைத்தாள். கொண்டுவந்து கோப்பின் மேலேயே வைத்தாள்.

"சாப்பிடுங்க சார்."

அவர் தட்டைப் பார்த்தார். "இதுல ஒண்ணும் இல்லையே."

"சுத்தமா இருக்குல்ல?"

அவ்வளவுதான். அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள்.

*

வில்லிவாக்கம் வரை பேருந்தில் அவருக்கு மனசு ஆறவில்லை. அறுபத்தொரு வயசு மனுஷன் ஒரு யோசனை கேட்டுப் போனால், காலித் தட்டை நீட்டுகிறாள்.

வீட்டு வாசலில் அவரே எழுதி மாட்டிய அட்டை. நோயாளி ஓய்வில் இருக்கிறார். பார்க்க வர வேண்டாம். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

நோயாளி என்றால் அவர் மனைவி கோமளா. மூன்று மாதத்துக்கு முன்னால் இருதயத்தில் அறுவை சிகிச்சை. கூடத்தில், தொட்டிக்கு எதிரில் கட்டில். படுத்த வாக்கில் அவள் கண்ணுக்கு நேராக அந்த மென்பவளம். காளான் குடை மாதிரி ஒரு தண்டு, குடையின் மேல் நூறு விரல்கள். நல்ல நாளில் அத்தனை விரலும் விரிந்து ஆடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் கோமளா காலையில் கண் விழித்ததும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"விரிஞ்சிருச்சா?"

விரிந்திருக்கிறது என்பார். பிறகு, பாதி என்பார். பிறகு, நாளைக்கு விரியும் என்பார்.

இந்த நாலு நாளாக அவள் கேட்கவில்லை.

இட்லி ஒன்று வைத்தால் பாதி. முகம் சுவர்ப் பக்கம். ஏதாவது வலிக்கிறதா என்றால் இல்லை. வேறு ஏதாவது வேண்டுமா என்றால் வேண்டாம்.

அவள் ரத்தப் பரிசோதனைத் தாள்களும் அதே கோப்பில்தான். எல்லாம் இருக்க வேண்டிய அளவில். போன முறை டாக்டர்கூடச் சிரித்துக்கொண்டே, இனிமேல் கவலை இல்லை, நடக்கட்டும், நாலு பேர் வந்து போகட்டும் என்றார். வைத்தியலிங்கம் கவலை இல்லை என்பதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கிருமிநாசினி போட்டுத் தரையை மூன்று வேளை துடைத்தார். கதவுக் கைப்பிடியைத் துடைத்தார். தொட்டித் தண்ணீரிலிருந்து அழுக்கை நுரையாக இழுக்கிற கருவியை ராத்திரி பகல் ஓடவிட்டார். போதாதென்று இன்னொன்று வாங்கி மாட்டினார்.

சாயந்திரம் வாசலில் மும்தாஜின் குரல் கேட்டது. பக்கத்து வீடு. பதினெட்டு வருடமாக, விளக்கு வைக்கிற நேரத்தில் அவளும் கோமளாவும் ஒன்றாக உட்கார்ந்து பூ கட்டுவார்கள். பூ முடிந்தாலும் பேச்சு முடியாது.

"அக்கா முழிச்சிருக்காங்களாண்ணே?"

"தூங்குறா."

தினமும் இதே கேள்வி. தினமும் இதே பதில். மும்தாஜ் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு போய்விடுவாள்.

அன்றைக்கும் தண்ணீரைச் சோதித்தார். பூஜ்யம். பவளத்தின் விரல் ஒன்றுகூட வெளியே இல்லை. மூடிய குடையின் மேல் ஈரத் தோல் மாதிரி ஒரு பளபளப்பு. கையை விட்டு மெதுவாக அதை வேறு பக்கம் திருப்பி வைத்தார். நேற்றும் திருப்பினார். முந்தாநாளும்.

*

மறுநாள் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனார். கோப்பை எடுக்கவில்லை.

ஜெசிந்தா மூடியைத் திறந்து முகர்ந்தாள். நெற்றி சுருங்கியது. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையைக் காட்டச் சொன்னாள். காட்டினார். குனிந்து அதையும் முகர்ந்தாள்.

"கடல் வாசம் எங்க சார்? ஆஸ்பத்திரி வாசம்ல அடிக்கி."

அவர் கையை இழுத்துக்கொண்டார். வீட்டில் முடியாதவள் இருக்கிறாள் என்று சொன்னார். அறுவை, கட்டில், எதிரில் தொட்டி. காலையில் கேட்கிற கேள்வியைச் சொன்னார். நாலு நாளாக, இன்றோடு ஐந்து, கேட்காததையும் சொன்னார்.

ஜெசிந்தா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். மடாதிபதி எதிரில் யாரும் உட்கார்ந்து அந்தச் சந்து பார்த்ததில்லை.

"அதுகூட யாரு இருக்கா?"

"எது கூட?"

"உங்க பவளம்."

"யாரும் இல்ல. மீனையெல்லாம் உங்ககிட்டதான கொண்டாந்து குடுத்தேன். ஆபரேஷன் முடிஞ்ச வாரம்."

"எதுக்குக் குடுத்தீக?"

"அழுக்குப் பண்ணுது."

"அப்ப தனியாவா நிக்கி?"



ஜெசிந்தா கடையின் உள்பக்கம் போனாள். அவரும் எழுந்து பின்னாலேயே போனார். மூலையில் ஒரு தொட்டி. கண்ணாடி ஓரமெல்லாம் பச்சைப் பாசி. கல்லுக்குக் கல் வண்டல். நடுவில் ஒரு மென்பவளம், அகலத் தட்டு அளவுக்குப் பெரிசு. நூறு விரலும் விரிந்து, ஊஞ்சலில் இருக்கிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

அதன் விரல்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது.

அவருக்குத் தெரிந்த மீன்கள். பெரிசைப் பொண்ணு என்றும் சின்னதை மாப்பிள்ளை என்றும் கோமளா கூப்பிடுவாள். அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு மரியாதையே கிடையாது, பெண்டாட்டி முறைத்தால் கல்லுக்கு அடியில் ஓடிவிடுகிறான் என்று மும்தாஜிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"விக்கலையா?"

"மூணு பேரு கேட்டாவ. ஆள் வரும்னு சொல்லிட்டேன்."

வலையில் பிடித்துப் பையில் விட்டாள். நுரை இழுக்கிற கருவி ரெண்டையும் நிறுத்துங்க, அப்புறம் ஒன்றை மட்டும், அதுவும் பகலில் மட்டும் ஓடவிடுங்க என்றாள். தண்ணீரைச் சோதிக்கிற சாமான் எல்லாவற்றையும் பரணில் போடுங்க. பவளத்தைத் திருப்பாதீங்க. கண்ணாடியில் பாசி படிந்தால் படியட்டும்.

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு தயங்கிக் கேட்டார்.

"எத்தன நாள்ல விரியும்?"

"அத எங்கிட்ட கேட்டா?" ஜெசிந்தா பையின் வாயில் ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றினாள். "மேல பளபளன்னு இருக்கது தோலு. உரிக்கப் பாக்குது. நீங்க விட்டாத்தான உரிக்கும்."

*

வாசலில் மும்தாஜ் நின்றுகொண்டிருந்தாள். இன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம்கூட ஆகவில்லை. நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவள் அவர் வருவதைப் பார்த்து அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும். முழங்கை வரை செதில்.

"அக்கா முழிச்சிருக்காங்களாண்ணே?"

தூங்குறா என்று சொல்ல வாயெடுத்தார்.

கையில் பை ஆடியது. தூக்கிப் பார்த்தார். பொண்ணு பைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. அதன் வாலுக்குக் கீழிருந்து நூல் மாதிரி ஒரு அழுக்கு இறங்கியது. தெளிந்த தண்ணீரில் மெல்ல மெல்லக் கலங்கியது.

வைத்தியலிங்கம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மும்தாஜும் என்ன என்று எட்டிப் பார்த்தாள். இது அக்காவோட மாப்பிள்ளை ஆச்சே என்றாள்.

அவர் பையை இடது கைக்கு மாற்றினார். அட்டையைக் கேட்டிலிருந்து கழற்றினார். அதைக் கட்டியிருந்த கம்பி துருவேறிப் போயிருந்ததால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பிறகு கேட்டைத் திறந்தார்.

மும்தாஜ் உடனே உள்ளே வரவில்லை. இரண்டு கையையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"கையெல்லாம் மீன் நாத்தம்ணே. கழுவிட்டு ஓடியாந்துர்றேன்."

"வேண்டாம்மா," என்றார். "அப்படியே வாங்க."

உள்ளே கட்டில் முனகியது.

"யாரது? மும்தாஜா?"