கால் வரும்

"என் கால் திரும்ப வருமா தாயி?" என்று உடையப்பன் கேட்டார்.

இருபத்தேழு வருடம் மின்கம்பம் ஏறிய லைன்மேன். மேலிருந்து விழுந்ததில் வலது தொடை எலும்பு மூன்று துண்டாகிவிட்டது. கம்பியிலேயே காலம் தள்ளியவருக்குக் காலுக்குள்ளும் கம்பி வைத்திருந்தார்கள்.

பிசியோதெரபி அறைக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அங்கே பொற்கொடிதான் குரு. குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பது. காலம் அப்படி.

"கால் வரும்ணே," என்றாள் பொற்கொடி.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் உடையப்பன் எழுந்தார். முழங்காலை மடக்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார்.

"தை பிறக்கட்டும். கம்பத்துல ஏறிக் காட்டுறேன்," என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாதம் பொற்கொடி ஊன்றுகோலை நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கம்பு ஊனுனவனைக் கம்பத்துல ஏத்த மாட்டாக. அதைத் தொட்டா லைன்மேன் செத்தான்."

அவள் அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

தை பிறந்தது. வழி பிறக்கவில்லை.

பயிற்சிக்குப் போட்டிருந்த மரப்படியில் ஏறிப் பார்த்தார். இரண்டாவது படியிலேயே கால் துவண்டது. விழுந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"கால் வரும்னு சொன்னியே தாயி! பழைய பலத்துல கால்வாசிதானே வந்திருக்கு!"

"அதைத்தான்ணே சொன்னேன்."

உடையப்பனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஏமாத்திட்டியே."

"கால்வாசின்னு வெளங்கச் சொல்லியிருந்தா, அன்னைக்கு எந்திரிச்சிருப்பீகளா?"

உடையப்பன் துவண்ட காலை இரண்டு கையாலும் பிடித்து நீட்டிவைத்தார்.

"இதுக்கு மேல ஒண்ணும் வராதா?"

பொற்கொடி சுவரோரம் போனாள். ஊன்றுகோலை எடுத்து, தூசியைத் துப்பட்டாவால் துடைத்தாள். நீட்டிக் கிடந்த அவருடைய இரண்டு கால்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக அதை வைத்தாள்.

"முக்கால் வரும்ணே."

அவர் அதைத் தொடவில்லை.

"மிச்சக் கால்?"

பொற்கொடி ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே, ஆஸ்பத்திரி மதிலை ஒட்டி ஒரு மின்கம்பம் நின்றது.

உடையப்பனும் பார்த்தார், அடியிலிருந்து உச்சிவரைக்கும்.

"அது அங்கனயே இருக்கட்டும்," என்று சொல்லி ஊன்றுகோலுக்குக் கையை நீட்டினார்.