கயிற்றால் அளந்த மனை

"விடையை நேரா சொல்லிட்டுப் போங்களேன் சார். எதுக்கு இத்தனை வரி?"

வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து கொளஞ்சியப்பனுக்கு இதே பாட்டுதான். சிறைக்குள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்த எங்களில் அவர்தான் மூத்தவர், பேரன் பேத்தி எடுத்தவர். கணக்கு சொல்லிக்கொடுத்த எட்வினுக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். அவனும் எங்களைப் போல ஆயுள் கைதி.

எட்வின் விடையைச் சொல்லவே மாட்டான். "அடுத்த வரி என்னண்ணே?" என்பான். எரிச்சலாக வரும்.

அன்றைக்குப் பரப்பளவு. கொளஞ்சியப்பன் தானே எழுந்து போய் சாக்பீஸை எடுத்தார். போர்டில் ஒரு சதுரம் போட்டார், பக்கத்தில் ஒரு நீளக் கட்டம். சதுரம் அவருடைய மனை, பக்கத்துக்கு அறுபது அடி. நீளக் கட்டம் தம்பி தனக்கோட்டியுடையது, தொண்ணூறுக்கு நாற்பது.

அந்தக் கதை எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். அப்பா பிரித்துக் கொடுத்த மனை ரெண்டையும் கயிறு போட்டுச் சுற்றி அளந்திருக்கிறார். தம்பியுடையதுக்கு இருபது அடி கயிறு கூடுதலாகப் பிடித்தது. அப்பனும் சின்னவனும் சேர்ந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை. வாய்ச்சண்டை கடப்பாரையில் போய் நின்றது. தனக்கோட்டி அங்கேயே செத்துப்போனான்.

கொன்றது பாவம்தான் என்று அவரே சொல்வார். ஆனால் நியாயம் தன் பக்கம் என்பார். அந்த ஒரு நினைப்பில்தான் மனுஷனுக்குச் சோறு இறங்கியது.

"எவ்வளவு ஏமாத்தினாங்கன்னு கணக்கா தெரியணும் சார். விடையைச் சொல்லுங்க."

எட்வின் போர்டைப் பார்த்தான். முகம் வாடிவிட்டது.

"இது வேண்டாண்ணே. புத்தகத்துல இருக்கறதைப் போடுவோம்."

"ஏன், உங்களுக்கே போட வராதா?"

எட்வின் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தான். பிறகு, "அப்ப நீங்களே போடுங்க. முதல் வரி என்ன?" என்றான்.

நீளம் பெருக்கல் அகலம் என்று எழுதினார். அறுபதை அறுபதால் பெருக்கினார். மூவாயிரத்து அறுநூறு. அடுத்து தொண்ணூறை நாற்பதால் பெருக்கினார். விடையை எழுதப் போன கை நின்றது.

அழித்தார். மறுபடி போட்டார். அதே மூவாயிரத்து அறுநூறுதான் வந்தது.

"எங்கேயோ தப்பு இருக்கு சார். பாருங்க."

எட்வின் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் பார்த்தான். ஒரு தப்பாவது கிடைக்காதா என்று அவன் தேடினது எங்களுக்கே தெரிந்தது.

"தப்பு இல்லண்ணே."

"சுத்தி வந்தா இருபது அடி கூட வருதே சார்?"

"சுத்தி வர்றது வேலிண்ணே. மனை உள்ள இருக்கு."

கொளஞ்சியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

போர்டில் இருந்த ரெண்டு கட்டத்தையும் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கடப்பாரையைத் தூக்கறப்பகூட அவன் விடையைச் சொல்லிக்கிட்டேதான் இருந்தான் சார். ரெண்டும் ஒண்ணுதாண்ணே, ரெண்டும் ஒண்ணுதாண்ணேன்னு."