வழிவிட்ட முதலாளி

திருநெல்வேலியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தாணுலிங்கம், சாம்பார் வாளி சுமந்து மேசை மேசையாகப் போகும் ரோபோ ஒன்றை வாங்கினார். அன்று மதியமே சப்ளையர் இசக்கியப்பனைக் கூப்பிட்டார்.

“லேய், இது லீவு கேக்காது, எதுத்துப் பேசாது. இதால முடியாத ஒண்ண நீ செஞ்சு காட்டு. இல்லன்னா நாளைக்கு வராத.”

“மொதலாளி, நீங்க ஏசுனா நான் பயந்து ஒதுங்குவேன். இத ஏசிப் பாருங்க, ஒதுங்குதான்னு.”

“நான் ஏசி ஒதுங்காத ஆளு இந்த ஊர்ல உண்டாலே?” முதலாளி போய் ரோபோவை மறித்து நின்றார். “ஏ மூதேவி, தள்ளிப் போ!”

“தயவுசெய்து வழி விடுங்கள்” என்றது ரோபோ, இனிமையாக.

அவர் கடை அதிரக் கத்தினார். அது மறுபடியும் அதையே சொன்னது. சாம்பாருக்குக் காத்திருந்த ஒருவர் பொறுமை இழந்தார்.

“அண்ணாச்சி, அதுதான் மரியாதையா கேக்குதுல்லா? தள்ளுங்க!”

கடை முழுக்கச் சிரித்தது. முதலாளி சுவரோரம் ஒதுங்கினார். ரோபோ போய்விட்டது. கோபத்தை இறக்க ஆள் வேண்டுமே!

“என்னலே பாக்க? போய் ரசம் ஊத்து!” என்று இசக்கியப்பன்மேல் பாய்ந்தார்.

“இந்தா போறேன் மொதலாளி” என்று அவன் பயந்தவன்போல ஓடினான். மறுநாளும் வேலைக்கு வந்தான். ஏன் வந்தாய் என்று முதலாளி கேட்கவில்லை.