ஓட்டைக் கை

முன்னொரு காலத்திலே, மந்திரவாதி தும்மினாலும் ஊரே நடுங்கிய காலத்திலே, ஏழுமடை என்றொரு நாடு இருந்தது. விதைப்பு நாளன்று ராஜா ஒவ்வொரு குடும்பத்துக்கும் விதைநெல் அள்ளிக் கொடுப்பார். அதை வெறும் உள்ளங்கையில்தான் வாங்கவேண்டும். அது அந்த நாட்டு வழக்கம்.

அந்த நெல்லை நம்பியிருந்த ஏழைகளின் வாயில் மண்ணைப் போட வந்தான் உக்கிரகண்டன் என்ற மந்திரவாதி. "ராசியில்லாத கையில் நெல் தங்காது, சோதித்துவிட்டுக் கொடுங்கள்" என்று ராஜாவையே நம்பவைத்தான். சோதிக்க அவனிடம் ஒரு பித்தளைக் குழல். "குழலை வலது கண்ணில் வை. இடது உள்ளங்கை முகத்தைப் பார்க்க, குழலோடு ஒட்டிப் பிடி. ரெண்டு கண்ணையும் திற!" என்பான். பார்த்தால் உள்ளங்கையில் வட்டமாக ஓர் ஓட்டை! பாவம், பார்த்தவர்கள் நம்பிவிடுவார்கள். நம்பியதுமே மந்திரம் பலித்துவிடும். வாங்கிய நெல்லெல்லாம் கை வழியே கொட்டும். கொட்டிய நெல் அவன் வண்டியில் ஏறும். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

முதல் ஆளுக்கு ஓட்டை. இரண்டாம் ஆளுக்கு ஓட்டை. இப்படியே வரிசையில் எல்லாருக்கும் ஓட்டை. கடைசியாக வந்தாள் காத்தாயி. இந்த நெல் கிடைக்காவிட்டால் அவளும் மகள் மயிலாளும் வருஷம் முழுக்கப் பட்டினிதான். அவள் கையிலிருந்தும் நெல் பொலபொலவென்று கொட்டியது.

"என் கை ராசி அவ்வளவுதான்டி" என்று அழுதாள் காத்தாயி.

மயிலாளுக்கு வந்ததே கோபம்! "நாத்து நட்ட கைம்மா இது!" என்று குழலைப் பிடுங்கித் தன் கையைப் பார்த்தாள். ஓட்டை! ஆத்திரத்தில் கண்ணீர் முட்ட, வலது கண்ணை இறுக மூடினாள். ஓட்டையைக் காணோம். திறந்தாள், ஓட்டை. மூடினாள், முழுக் கை.

"மகாராஜா, ஓட்டை கையில இல்ல, இந்தக் குழல்ல இருக்கு!"

"என் குழலையா தொட்டாய்?" என்று பிடுங்கிக்கொண்டான் மந்திரவாதி. போனால் போகட்டும் என்று, விதைப்பு நாள் பந்திக்கு வைத்திருந்த வாழையிலையைச் சுருட்டி ராஜாவிடம் நீட்டினாள் மயிலாள். "எங்க கையையே சோதிச்சீங்களே, ஒரு தடவையாவது உங்க கையைப் பாத்தீங்களா?"

ராஜா பார்த்தார். ஓட்டை. மந்திரி பார்த்தார். ஓட்டை. மந்திரவாதியைப் பிடித்துப் பார்க்கவைத்தார்கள். அவனுக்கும் ஓட்டை!

காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். இம்முறை ஒரு மணிகூடக் கீழே விழவில்லை.

"மன்னித்துவிடம்மா" என்றார் ராஜா.

"மன்னிப்பு அப்புறம். மொதல்ல எல்லார் நெல்லையும் திருப்பித் தரச் சொல்லுங்க" என்றாள் மயிலாள்.

மந்திரவாதி வீடு வீடாக மூட்டை சுமந்தான். முதுகு வளைந்துபோயிற்று. வளையட்டும்!

நீங்களும் ஒரு தாளைச் சுருட்டிப் பாருங்கள். கையில் ஓட்டை தெரியும், பயப்படாதீர்கள். யாராவது உங்கள் கையில்தான் ஓட்டை என்று சொன்னால், அந்தக் குழலை முதலில் அவர்களிடம் நீட்டுங்கள்.